இலங்கையிலிருந்து சிரிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் வந்தவர்களை என்ன பெயர் சொல்லி அழைப்பது? கோத்தகிரியிலிருந்து ஒரு கேள்வி

கொழுந்துக்கூடை (கோத்தகிரி)

எல்லாருக்கும் வணக்கம். மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். கல்லூரிக்காகச் சாதிச் சான்றிதழ் கேட்டு ஒரு அலுவலகத்துக்குப் போயிருந்தேன். என் அப்பா பிறந்த ஊர் இலங்கையின் தலவாக்கலை என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும், "அகதிகளுக்கு இங்க தர்றதில்லை, அதுக்கு வேற இடம்" என்று சொல்லித் தாளைத் திருப்பித் தந்துவிட்டார்கள். நான் பிறந்தது இதே தாலுகாவில். ரேஷன் கார்டு, ஆதார், வாக்காளர் அட்டை எல்லாம் கையில் இருந்தது. மகளும் பக்கத்தில்தான் நின்றாள்.

திரும்பும்போது பஸ்ஸில், "நாம அகதியாப்பா?" என்று கேட்டாள். இல்லைம்மா என்றேன். "அப்ப யாரு?" என்றாள். நான்கு வார்த்தை சேர்த்துப் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. அப்பா இருந்தவரை இதைப் பற்றி உட்காரவைத்துக் கேட்டதே இல்லை.

பாட்டியின் தகரப்பெட்டியில் பழைய பாஸ்போர்ட் இருப்பதாக அம்மா சொல்கிறார். பூட்டு துருப்பிடித்துக் கிடக்கிறது. எனக்குத் தெரிய வேண்டியது இரண்டு. நாங்கள் எந்தக் கணக்கில் இந்த நாட்டுக்கு வந்தோம்? அதைக் காட்ட எந்தத் தாள் வேண்டும்?

சேரம்பாடி

தம்பி, முதல்ல பூட்டை உடைங்க. பாஸ்போர்ட்டோட குடும்ப அட்டைன்னு ஒண்ணு இருக்கணும். ரேஷன் கார்டு இல்ல, இது வேற. கண்டியில இருந்த இந்தியத் தூதரகக் கிளையில குடுத்தது. வீட்டுத்தலைவர் யாரு, கூட வர்றது யாரு, என்ன வயசு, இங்க என்ன மறுவாழ்வு உதவின்னு அதுல எழுதியிருக்கும். எங்க அப்பா அட்டையில தேயிலைத் தோட்டம்னு இருந்துச்சு, அதனால சேரம்பாடிக்கு வந்தோம். பக்கத்துக் காம்பரா, அதான் பக்கத்து வீட்டுக்காரருக்கு வியாபாரக் கடன்னு போட்டுட்டாங்க. கொழுந்தையும் கவாத்துக் கத்தியையும் தவிர வேற எதையும் தொடாத மனுசன். ஒரு வறண்ட ஊர்ல இறக்கிவிட்டு, கடை வெச்சுப் பிழைன்னா என்ன பண்ணுவார்? வந்த கடன்ல பாதியை ஒரு தரகர் சாப்பிட்டார், மீதியைக் கடை சாப்பிட்டுச்சு. மூணே வருசத்துல பொண்டாட்டி பிள்ளைகளோட மலையேறி எங்ககிட்டயே வந்து நின்னார். நீலகிரியில நம்ம சனத்துல பாதிப் பேர் இப்படிக் கீழ அலைஞ்சு திரிஞ்சு ரெண்டாவதா மேல வந்தவங்க.

நாங்க கப்பலேறினப்ப எனக்கு ஒம்பது வயசு. தலைமன்னார்ல இருந்து ராமேஸ்வரம், 'ராமானுஜம்' கப்பல். அப்புறம் மண்டபம் முகாம். எங்க அம்மா அம்மிக்கல்லைத் தூக்கிட்டு வந்தாங்க. "இந்தியாவுல அம்மி கிடைக்காதா?"ன்னு சுங்கத்துல சத்தம் போட்டாங்களாம். அம்மா விடல. அதுலதான் இன்னைக்கும் எங்க வீட்ல சம்பல் அரைக்கிறோம்.

அகதின்னா உயிருக்குப் பயந்து ஓடி வந்தவங்க. நம்மள ரெண்டு சர்க்காரும் கையெழுத்துப் போட்டு, பாஸ்போர்ட் குடுத்து, நாள் குறிச்சு ஏத்திவிட்டாங்க. தாயகம் திரும்பியோர்னு சர்க்கார் தாள்லயே இருக்கு. அந்த அலுவலகத்துல அதை எடுத்துக் காட்டுங்க.

குன்னூர் வாத்தியார்

சேரம்பாடி அண்ணன் வீட்டுக் கதையைச் சொல்லிவிட்டார். நாட்டுக் கதையை நான் சொல்கிறேன். முப்பது வருடம் வரலாறு நடத்தியவன். பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு பக்கம்கூட இருந்ததில்லை.

1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ், தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மலையகத்தில் 7 இடங்களை வென்றது. வேறு பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளர் வாக்கு இடதுசாரிகளுக்குக் கைகொடுத்தது. மறு வருடமே, 1948இல், குடியுரிமைச் சட்டம் வந்தது. தகப்பனோ பாட்டனோ இலங்கையில் பிறந்ததை நிரூபி என்றார்கள். பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பப்பட்டவர்களிடம் பிறப்புப் பத்திரம் ஏது? 1949இல் வாக்கும் போனது. 1952 தேர்தலில் அவர்களுக்கு ஒரு இடமும் இல்லை. தேர்தலில் நின்று ஜெயித்து ஒரு மலையகத் தமிழர் மீண்டும் நாடாளுமன்றம் போக 1977 ஆயிற்று. நுவரெலியாவில் தோட்டத் தொழிலாளர் தலைவர் தொண்டமான் வென்றார்.

அதுவரை இந்தியாவின் நிலை என்ன? தலைமுறைகளாக அங்கே உழைத்தவர்கள் அந்த நாட்டுப் பொறுப்பு, கேட்டு வருபவர்களை மட்டும் பரிசீலிப்போம் என்பது நேருவின் நிலை. 1954இல் இலங்கைப் பிரதமர் கொத்தலாவலையுடன் ஓர் உடன்படிக்கையும் செய்தார். அது நடைமுறையில் ஓடவில்லை. 'இவர்கள் உன் ஆட்கள்' என்று கொழும்பு சொன்னது, 'இல்லை, உன் ஆட்கள்' என்று டில்லி சொன்னது. அந்த இழுபறியில் பத்து லட்சம் பேர் நாடில்லாதவர்களாக நின்றார்கள்.

1964 மே மாதம் நேரு காலமானார். அக்டோபர் 30இல் அவருக்குப் பின் பிரதமரான சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிரிமாவோவும் டில்லியில் கையெழுத்திட்டார்கள். நாடற்றவர்கள் 9,75,000. அதில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும். அதற்குள் பிறக்கும் குழந்தைகளும் அந்தந்தப் பக்கக் கணக்கில் சேரும். மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். 1974இல் சிரிமாவோவும் இந்திராவும் அதையும் ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாகப் பிரித்தார்கள். மொத்தத்தில் ஆறு லட்சம் இங்கே, மூன்றே முக்கால் லட்சம் அங்கே.

பேச்சுவார்த்தை மேசையில் அந்த ஒன்பதே முக்கால் லட்சம் பேர் சார்பில் உட்கார ஒருவருக்கும் இடம் தரவில்லை. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் என் குரல் மாறிவிடும்.

ஊட்டி நடுநிலை

வாத்தியார் ஐயா, மரியாதையோடு ஒரு மாற்றுக் கருத்து. சாஸ்திரி வேறு என்ன செய்திருக்க முடியும்? 1962இல் சீனப்போரில் அடிபட்ட நாடு. பாகிஸ்தான் எல்லையில் பதற்றம். அந்தப் போருக்குப் பிறகு ஆறு நாடுகளைக் கொழும்பில் கூட்டி சமரசம் பேசியவர் இதே சிரிமாவோ. தெற்கே ஒரு நட்பு நாடாவது வேண்டும் என்று டில்லி நினைத்ததில் தவறில்லை. குடியுரிமையும் வாக்கும் இல்லாமல் அங்கேயே கிடப்பதைவிட, சொந்த நாட்டில் குடிமகனாக வருவது மேல்தானே? பிறகு 1977, 1981, 1983 கலவரங்களில் தோட்டத்து லயங்களும் (தொழிலாளர் வரிசை வீடுகள்) எரிந்ததை நினைத்தால், முன்னாலேயே வந்தவர்கள் தப்பித்தார்கள் என்றுதான் தோன்றுகிறது.

குன்னூர் வாத்தியார்

நட்பு நாடு தேவைப்பட்டதை மறுக்கவில்லை. அந்த நட்புக்கு விலையாக யாரைக் கொடுத்தார்கள் என்பதே என் கேள்வி. கொடுத்தும் நட்பு எவ்வளவு நிலைத்தது என்று பாருங்கள். 1971 ஏப்ரலில் ஜே.வி.பி. என்ற இலங்கை இடதுசாரி அமைப்பின் கிளர்ச்சியை அடக்க இந்தியா உதவி அனுப்பியது. அதே வருடம் வங்கதேச நெருக்கடியின்போது பாகிஸ்தான் விமானங்கள் எரிபொருள் நிரப்ப இலங்கை இடம் கொடுத்தது. ஜே.வி.பி. தன் தொண்டர்களுக்கு நடத்திய ஐந்து வகுப்புகளில் ஒன்று 'இந்திய விரிவாக்கம்' பற்றியது. தேயிலை பறிப்பவர்களை இந்தியாவின் கையாட்களாகக் காட்டிய பாடம் அது. எண்ணிக்கையைப் பிரித்துவிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கை பத்து வருடம்கூட நிற்கவில்லை.

ஹட்டன் பக்கம்

வணக்கம். நான் இன்னும் இந்தப் பக்கம், இலங்கையிலேயே இருக்கிறவன். என் அப்பாவின் அண்ணன் குடும்பம் கூடலூரில் இருக்கிறது.

"சொந்த நாட்டுக்கு வந்தார்கள்" என்று ஊட்டி நண்பர் எழுதியது எனக்கு வலிக்கிறது. பெரியப்பா பிறந்தது இங்கே, அவர் அப்பா பிறந்ததும் இங்கே. சொந்த நாடு எது என்று அவரைக் கேட்டிருந்தால் ஹட்டன் என்றுதான் சொல்லியிருப்பார். எந்த நாடு என்று மனுப் போடச் சொன்னபோது இந்தியாவுக்குக் கேட்டவர்கள் சுமார் 5,06,000 பேர். ஒதுக்கியது ஆறு லட்சம். எண்ணை முதலில் தீர்மானித்துவிட்டு ஆளைப் பிறகு தேடினால் அப்படித்தான் ஆகும். இலங்கைக்குக் கேட்டு மனுப் போட்டவர்களோ ஒதுக்கியதைவிட மிக அதிகம்.

கேட்டவர்களும் ஏன் கேட்டார்கள்? 1973, 74 பஞ்சத்தை எங்கள் வீட்டில் இன்னும் பேசுவார்கள். மாவு இல்லை, அரிசி இல்லை, தோட்டத்தில் வேலைநாள் குறைவு. தோட்டங்களை அரசு எடுத்துக்கொண்ட சமயமும் அதுதான். இந்தியாவில் காணி தருவார்கள் என்ற கதையும் ஒரு பக்கம் ஓடியது. பெரியப்பா மனுப் போட்டார். அப்பா கல்யாணம் கட்டிய வீட்டார் இலங்கைக்குப் போட்டிருந்தார்கள், அதனால் அப்பா இங்கே தங்கிவிட்டார். ஒரே லயத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் இந்தியன், இந்தப் பக்கம் இலங்கையன். ஹட்டன் ஸ்டேஷனில் ரயில் கிளம்பும்போது எழுந்த அழுகையை அப்பா வாய்விட்டுச் சொல்லமாட்டார். ரயில் சத்தம் கேட்டால் வாசலை விட்டு உள்ளே போய்விடுவார்.

ஒப்பந்தத்தில் நல்ல வாசகங்களும் இருந்தன. சேமலாப நிதியையும் (பி.எஃப்.) பணிக்கொடையையும் கொண்டுபோகலாம், ஒரு குடும்பம் கொண்டுபோகும் பணத்தின் உச்சவரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே இறக்கக்கூடாது என்று. அந்த 4,000 ரூபாய் எத்தனை குடும்பங்களின் கையில் சேர்ந்திருந்தது என்று பெரியப்பாவிடம் கேட்டால் சிரிப்பார்.

மேல்ஹட்டி (கோத்தகிரி)

நான் படுகர். இந்த இழையில் எழுதலாமா என்று யோசித்துவிட்டு எழுதுகிறேன். எங்கள் அப்பா எழுபதுகளில் உருளைக்கிழங்கை விட்டுத் தேயிலைக்கு மாறினார். எங்களிடம் நிலம் இருந்தது, தேயிலை தெரியாது. எந்தச் செடியை எந்த உயரத்தில் கவாத்து அடிப்பது, அடித்த பிறகு எத்தனை வாரம் கை வைக்காமல் விடுவது என்று சொல்லித்தந்தது சிலோனிலிருந்து வந்த ஒரு அம்மா. அப்பா அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார். இன்று எங்கள் ஹட்டியில் (ஊரில்) யாராவது "சிலோன்காரங்க வந்து மலையைக் கெடுத்தாங்க" என்று பேசினால் எனக்குக் கோபம் வரும். உரசல்கள் இல்லை என்று சொல்லமாட்டேன். கூலி, புறம்போக்கு, ஓட்டு என்று எல்லாவற்றிலும் இருந்தன. அவர்கள் கற்றுத்தந்த தொழிலில்தான் எங்கள் பிள்ளைகள் படித்தார்கள். அதையும் சொல்ல வேண்டும்.

கொழுந்துக்கூடை அண்ணா, சான்றிதழுக்குத் தெரிந்தவர்கள் சாட்சி தேவைப்பட்டால் நான் வருகிறேன்.

சேரம்பாடி

மேல்ஹட்டி தம்பிக்கு நன்றி. மனசு குளிர்ந்துச்சு.

ஊட்டி நண்பர் கேட்டதுக்கு வர்றேன். குடிமகனா வந்தோம்ல, வந்து என்ன ஆச்சு? 1968ல வனத்துறை காட்டை வெட்டித் தேயிலை போட ஆரம்பிச்சுது. 1976ல அது டான்டீ ஆச்சு, சர்க்கார் தேயிலைத் தோட்டக் கழகம். கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர், சேரம்பாடி, அந்தப் பக்கம் வால்பாறைன்னு நம்ம ஆளுகளைக் குடிவெச்சாங்க. கேரளாவுல புனலூர் பக்கமும் கர்நாடகாவுல சுள்ளியா பக்கமும் ரப்பர் தோட்டம். நல்ல திட்டம். இல்லேன்னா எங்க அப்பா என்ன ஆயிருப்பாரோ.

ஆனா வீடு? வேலை இருக்கிற வரைக்கும்தான் பாடி, அதான் தோட்டத்து வீடு, நம்மளது. வயசாகி வேலை நின்னா சாவியைக் குடுத்துடணும். சிலோன்லயும் இதே சட்டம்தான், இங்கயும் இதே சட்டம்தான். இதை விட்டு வெளிய வந்து கூடலூர்ல குடிசை போட்டவங்களுக்கு ஜென்ம நிலம்னு, பழைய ஜமீன் மாதிரி, வேற பிரச்சினை. 1969 ஜென்ம ஒழிப்புச் சட்டத்துல 17ஆம் பிரிவு நிலம்னு ஒண்ணு இருக்கு. அதுல குடியிருந்தா பட்டா கிடையாது, அதனால கரண்டும் லேசுல வராது. 2022ல டான்டீ நிலத்துல 2,000 ஹெக்டேருக்கு மேல வனத்துறைக்கே திருப்பித் தர்றதா சர்க்கார் முடிவெடுத்தப்ப பந்தலூர்ல ஊர் ஊரா தெருவுக்கு வந்தோம். யானை நடக்கணும், காடு வேணும், அதை நான் மறுக்கல. அந்த நிலத்துல எங்களைக் குடிவெச்சது யாரு? நாங்களா காட்டை ஆக்கிரமிச்சோம்?

ஹட்டன் பக்கம்

சேரம்பாடி அண்ணன் எழுதியதைப் படித்ததும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் நோர்வூட்டுக்கு வந்தார். மலையகத்தில் முன்பே அறிவித்த 4,000 வீடுகளோடு இன்னும் 10,000 வீடுகள் இந்தியா கட்டித் தரும் என்று மைதானத்தில் அறிவித்தார். அன்று நானும் கூட்டத்தில் இருந்தேன். எங்களுக்குச் சந்தோஷம்தான். லயத்தை விட்டு ஏழு பேர்ச்சஸ் (நாலு சென்ட் சொச்சம்) காணியில் தனி வீடு என்பது இங்கே பெரிய விஷயம்.

அன்றிரவு கூடலூரில் பெரியப்பாவுக்குப் போன் போட்டேன். "எங்களையும் அங்கேயே விட்டிருந்தா இந்தியா எங்களுக்கும் வீடு கட்டியிருக்கும்ல?" என்றார். நான் ஒன்றும் பேசவில்லை.

குன்னூர் வாத்தியார்

இந்த ஒரு வரியில் நான் சொல்ல நினைத்த எல்லாம் இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தால் அவர்கள் இந்தியாவின் நல்லெண்ணத்துக்குச் சாட்சி. வீடு கட்டலாம், ஆஸ்பத்திரி திறக்கலாம். இந்தப் பக்கம் வந்துவிட்டால் தாலுகா ஆபீஸின் தலைவலி. 1964 கையெழுத்து இன்னும் தீராத கடன். ஆளை ஏற்றுக்கொள்வதோடு அது முடியவில்லை. காலூன்றி நிற்க ஓரிடம் தருவதும் அதில் சேரும். கொழுந்துக்கூடை அந்த அலுவலகத்தில் கேட்டது சலுகை இல்லை. இரண்டு அரசுகள் தந்த வாக்கை நிறைவேற்று என்றார்.

பண்ணைக்காடு

பழனி மலையிலிருந்து எழுதுகிறேன். நீலகிரிக்காரர்களுக்குச் சங்கம் இருந்தது, டான்டீ இருந்தது. கொடைக்கானல் பக்கம் வந்தவர்களுக்கு அதுவும் இல்லை. வியாபாரக் கடன் கரைந்தபிறகு, மரம் வெட்டும் கூப்புகளுக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு மேலே வந்தவர்கள். சீகை மரப்பட்டை உரிப்பது, விறகு அடுக்குவது, காட்டுக்குள்ளேயே பிளாஸ்டிக் கூரை. கடன் அடையவே அடையாது. கொத்தடிமைகள் என்று மீட்கப்பட்ட குடும்பங்கள் எங்கள் ஊர்ப்பக்கம் இன்றும் இருக்கின்றன. எங்கள் அம்மா அவர்களில் ஒருத்தி. அந்த ஒப்பந்தத்தில் 'மறுவாழ்வு' என்று எழுதியிருந்ததாம். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, நான்தான் வாசித்துக் காட்டினேன்.

கோட்டைவாசல்

நான் மலையில் இல்லை, கீழே இலங்கைத் தமிழர் அகதி முகாம் ஒன்றில் இருக்கிறேன். 2021இலிருந்து அதற்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர். எல்லாவற்றையும் மூன்று தடவை படித்தேன். கொழுந்துக்கூடை அண்ணா, உங்கள் மகளுக்கு நடந்தது அநியாயம். ஆனால் இழை முழுக்க "நாங்கள் அகதி இல்லை, இல்லை" என்று படிக்கப் படிக்க எனக்கு வேறு ஒன்று குத்துகிறது.

என் தாத்தா மாத்தளைத் தோட்டத்துக்காரர். இந்தியாவுக்கு மனுப் போட்டவர். முறை வருவதற்குள் கலவரம் வந்தது. உயிர் பிழைக்க வவுனியா பக்கம் ஓடினார்கள். 1984இல் ராமானுஜம் கப்பலும் நின்றுபோனது. பிறகு சண்டை. 1990இல் அம்மாவும் அப்பாவும் மன்னாரிலிருந்து படகேறினார்கள். உங்கள் தாத்தாவும் என் தாத்தாவும் ஒரே கங்காணி கொண்டுபோன கூட்டத்தின் பேரப்பிள்ளைகளாக இருக்கலாம். அவர் கப்பலில் வந்ததால் நீங்கள் குடிமக்கள். நாங்கள் படகில் வந்ததால் சட்டத்தின் கண்ணில் 'சட்டவிரோதக் குடியேறிகள்'. 2004 டிசம்பருக்குப் பிறகு முகாமில் பிறந்த என் பிள்ளைக்கும் அதே பெயர். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளின் பெயர் இருந்தது. எங்கள் நாட்டுப் பெயர் இல்லை. அதே வருடம் மதுரைக் கிளை உயர் நீதிமன்றம், எங்களைப் போன்ற இந்திய வம்சாவளியினரின் மனுக்களைப் பரிசீலிக்கச் சொன்னது. பரிசீலனைக்காக இன்னும் காத்திருக்கிறோம்.

அகதி என்பது வசவு இல்லை அண்ணா. எங்களுக்கு நடந்ததன் பெயர் அது.

கொழுந்துக்கூடை (கோத்தகிரி)

கோட்டைவாசல் தம்பி, உன் பதிவைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. மன்னித்துக்கொள். மகளிடம் "இல்லைம்மா" என்று நான் சொன்ன விதத்தில், அது ஏதோ நம் மேல் ஒட்டக்கூடாத அழுக்கு என்ற தொனி இருந்தது. உன் பதிவைக் காலையில் அவளிடமே படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு, "அப்ப இவங்களுக்கும் அந்த 1964 கணக்குல பங்கு இருக்குல்லப்பா?" என்று கேட்டாள். ஆமாம் என்று இந்த முறை தயங்காமல் சொன்னேன்.

ஊட்டி நடுநிலை

நானும் ஒன்றைத் திருத்திக்கொள்கிறேன். முன்னாலேயே வந்தவர்கள் தப்பித்தார்கள் என்று எழுதினேன். பண்ணைக்காடு நண்பரின் அம்மா எதிலிருந்து தப்பித்தார்? அந்த வரியை எழுதியிருக்கக்கூடாது. டில்லிக்கு அன்று வேறு வழி குறைவு என்ற கருத்து மட்டும் எனக்கு இன்னும் இருக்கிறது.

சேரம்பாடி

இருக்கட்டும் தம்பி, அதைப் பத்தி நேர்ல பேசுவோம். கோட்டைவாசல் கண்ணு, உன் தாத்தா இந்தியாவுக்குப் போட்ட மனுவோட ரசீதோ தூதரகக் கடுதாசியோ இருந்தா பத்திரமா வெச்சுக்க. 1986ல ரெண்டு நாடும் பேசினப்ப, மனுப் போட்டு நிலுவையில இருந்தவங்களுக்கு இந்தியா குடியுரிமை குடுக்கும்னும், மிச்சம் 94,000 பேரை இலங்கை எடுத்துக்கும்னும் ஒத்துக்கிட்டாங்க. உங்க வீட்டு மனு அந்த நிலுவையில சேருமான்னு ஒரு வக்கீல்கிட்ட காட்டணும். எங்க சங்கத்துல இதைப் பார்க்கிறவர் ஒருத்தர் இருக்கார். எனக்குத் தனியா எழுது.

கொழுந்துக்கூடை (கோத்தகிரி)

பெட்டி திறந்தாயிற்று. பூட்டை அறுக்க வேண்டியிருந்தது.

பாஸ்போர்ட் இருக்கிறது, ஓரம் பூச்சி அரித்திருக்கிறது. குடும்ப அட்டையும் இருக்கிறது. தாத்தா, பாட்டி, அப்பா, இரண்டு அத்தைகள் என்று ஐந்து பெயர். மூன்றாவது பெயருக்கு மேல் நீல மையில் ஒரு கோடு. அது பெரிய அத்தை. அப்பா தனக்கு ஒரு அக்கா இருந்ததாகச் சொல்லியிருக்கிறார், இறந்துவிட்டார் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அம்மாவிடம் கேட்டேன். கப்பலேறுவதற்கு நான்கு மாதம் முன்பு கல்யாணம் ஆகி, மாப்பிள்ளை வீடு இலங்கைக்குப் போட்டிருந்ததால் அங்கேயே நின்றுவிட்டாராம்.

ஹட்டன் பக்கம் அண்ணா, அட்டையில் தோட்டத்தின் பெயரும் டிவிஷனும் தெளிவாக இருக்கிறது. தனிமடலில் அனுப்பியிருக்கிறேன். அந்த லயத்தில் பழைய ஆட்கள் யாராவது இருந்தால் அத்தை வீட்டாரைப் பற்றி விசாரித்துச் சொல்லுங்கள்.

சேரம்பாடி அண்ணா, திங்கட்கிழமை அலுவலகத்துக்கு அசல் தாள்களோடு போகிறேன். மேல்ஹட்டி தம்பியும் வருகிறார். அட்டையின் பின்பக்கம் ஒரு முத்திரை மங்கிக் கிடக்கிறது, எனக்கு வாசிக்க வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூடலூர் பஸ்ஸில் வந்து உங்களிடம் காட்டட்டுமா? மகளும் வருகிறேன் என்கிறாள். அந்த அம்மியைப் பார்க்க வேண்டுமாம்.

சேரம்பாடி

வாங்க. சம்பல் அரைச்சு வைக்கச் சொல்றேன்.